முலாம் பட்டறைக் கழிவும் கடற்பாசிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலோகப் பொருள்களுக்கு முலாம் பூசி மெருகேற்றும் தொழிலின் கழிவுநீர் கடலில் கலக்கும்போது அங்குள்ள பாசிகளுக்கு என்ன நேர்கிறது என்பதே இந்தப் பக்கத்தின் பொருள். எடுத்துக்காட்டுகளில் முதன்மையானது அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்திலுள்ள நராகன்செட் விரிகுடா. முலாம் தொழிலின் கழிவை இரண்டு நூற்றாண்டுகள் ஏற்றுக்கொண்டதும், பாசிகள் வாரந்தோறும் எண்ணப்பட்டு வந்ததும் ஒரே நீர்ப்பரப்பாக அமைந்த இடம் அது.

முலாம் பட்டறையின் கழிவில் அப்படி என்னதான் இருக்கிறது?

முலாம் பூசுவது ஒரே மூச்சில் முடிகிற வேலையன்று. முதலில் எண்ணெய்ப் பிசுக்கைக் காரக் கரைசலில் போக்க வேண்டும். அடுத்து, துருவையும் ஆக்சைடுப் படலத்தையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ கந்தக அமிலத்திலோ அகற்ற வேண்டும். அதன் பிறகே செம்பு, நிக்கல், குரோமியம், துத்தநாகம், காட்மியம், வெள்ளி, தங்கம் ஆகியவற்றுள் வேண்டிய ஒன்றோ சிலவோ மின்சாரத்தின் துணையால் பொருளின் மேல் படிய வைக்கப்படுகின்றன. ஒரு தொட்டியிலிருந்து எடுத்த பொருளை அடுத்த தொட்டியில் இறக்கும் முன் தண்ணீரில் அலசியாக வேண்டும்.

முலாம் தொட்டியிலுள்ள கரைசலையே சாக்கடையில் கொட்டிவிடுகிறார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தக் கரைசல் விலை மிக்கது. எந்த முதலாளியும் அதை மனமுவந்து கொட்டமாட்டார். தொட்டியிலிருந்து தூக்கப்படும் பொருளின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு வரும் கரைசல் அலசும் நீரில் கலந்து வெளியேறுவதுதான் அன்றாடக் கழிவின் பெரும்பகுதி. சங்கிலி, பொத்தான், காதணி போல வளைவும் குழிவும் நிறைந்த சிறு பொருள்களில் இப்படி ஒட்டி வருவது மிகுதி. இத்துடன் அமிலம், காரம், பல கரைசல்களில் சயனைடு, உலோகம் படிந்துவிடாமல் கரைசலில் வைத்திருக்கச் சேர்க்கப்படும் பிணைப்பு வேதிப்பொருள்கள் ஆகியவையும் சேர்ந்தே போகின்றன.

இங்கே பாசி என்பது எதைக் குறிக்கிறது?

இருவகையையும் குறிக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் நீரில் மிதக்கும் ஓரணு உயிர்களான நுண்பாசிகள் ஒரு வகை. கண்ணாடி போன்ற ஓடுடைய டையாட்டம், சாட்டை போன்ற கசையால் நீந்தும் டைனோபிளாஜெல்லேட் முதலியன அதில் அடங்கும். அறிவியல் முறைப்படி பாக்டீரியா இனத்தைச் சேர்ந்த நீலப்பச்சை நுண்ணுயிர்களையும் வசதிக்காக இவற்றுடன் சேர்த்தே பேசுகிறோம். பாறைகளில் ஒட்டி வளரும் பச்சை, பழுப்பு, சிவப்புப் பெரும்பாசிகள் மற்றொரு வகை. மன்னார் வளைகுடாக் கரையில் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பெண்கள் பெயர் சொல்லிச் சேகரிப்பவை இவ்வகையைச் சேர்ந்தவை.

நராகன்செட் விரிகுடாவுக்கு முலாம் தொழில் எப்படி வந்தது?

விரிகுடாவின் தலைமாட்டில் இருப்பது பிராவிடன்ஸ் நகரம். மலிவான உலோகத்தின் மேல் தங்கத் தகடு போர்த்தி நகை செய்யும் முறையை 1790-களில் அங்கே நெஹமையா டாட்ஜ் என்பவர் கையாண்டார் என்பதும், அதிலிருந்தே அந்நகரின் நகைத் தொழில் தழைத்தது என்பதும் அங்குள்ள வரலாறு. நம்மூர் வழக்கில் சொன்னால் அது கவரிங் நகைகளின் ஊர். பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் நகை, வெள்ளிப் பாத்திரம், சிறு உலோக உறுப்புகள் ஆகியவற்றைச் செய்த நூற்றுக்கணக்கான பட்டறைகளின் அலசு நீர் நகரச் சாக்கடை வழியாகவோ நேரடியாகவோ ஆறுகளில் இறங்கி, பிராவிடன்ஸ் ஆற்றின் கழிமுகம் வழியே விரிகுடாவை அடைந்தது.

நகரின் பெரிய கழிவுநீர் நிலையமான ஃபீல்ட்ஸ் பாயிண்ட் 1980-இல் உருவாக்கப்பட்ட நராகன்செட் விரிகுடா ஆணையத்தின் கைக்கு 1982-இல் வந்தது. 1981-ஆம் ஆண்டுக்கான கணக்கின்படி, தொழிற்கூடங்கள் அந்த நிலையத்துக்கு அனுப்பிய உலோகங்களின் எடை 10 லட்சம் பவுண்டை, அதாவது ஏறத்தாழ 450 டன்னை, நெருங்கியிருந்தது. ஒரு நகரத்தின் சாக்கடையில் ஓராண்டில் ஓடிய செம்பும் நிக்கலும் துத்தநாகமும் பிறவும் சேர்ந்த எடை இது என்பதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

செம்பும் துத்தநாகமும் பாசிக்கு வேண்டிய சத்துகள்தாமே? அவை எப்படி நஞ்சாகும்?

வேண்டிய சத்துகள்தாம். ஒளிச்சேர்க்கையில் மின்னணுவைச் சுமந்து செல்லும் பிளாஸ்டோசயனின் என்ற புரதத்தில் செம்பு இருக்கிறது. கரைந்த கார்பனைப் பயன்படுத்த உதவும் கார்போனிக் அன்ஹைட்ரேஸ் நொதிக்குத் துத்தநாகம் வேண்டும். யூரியாவை நைட்ரஜன் உணவாகக் கொள்ளும் பாசிக்கு நிக்கல் இல்லாமல் யூரியேஸ் நொதி இயங்காது. நச்சு என்றே அறியப்பட்ட காட்மியம்கூட, துத்தநாகம் அரிதான நீரில் வாழும் தலாசியோசைரா வெய்ஸ்ஃப்ளோகி என்ற டையாட்டத்தில் கார்போனிக் அன்ஹைட்ரேஸின் உலோகமாகப் பணிபுரிகிறது என்பது 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

பாசிகள் பழகியிருப்பது உலோகங்கள் மிக அருகிக் கிடைக்கும் கடலுக்கு. ஆகவே அவை, கிடைத்ததை இழுத்துக்கொள்ளும் கடத்திப் புரதங்களைத் தம் புறச்சவ்வில் வைத்திருக்கின்றன. அக்கடத்திகளுக்கு உலோகங்களிடையே துல்லியமாக வேறுபாடு காணத் தெரியாது. மாங்கனீசுக்கும் துத்தநாகத்துக்கும் திறந்த வாசல் வழியே காட்மியமும் நுழைந்துவிடும். பற்றாக்குறையில் பிழைப்பதற்கென அமைந்த அதே பொறி, உலோகம் மிகும் கழிமுகத்தில் நஞ்சை வாரி உள்ளே இழுக்கும் பொறியாகிவிடுகிறது.

ஒரே அளவு செம்பு ஓரிடத்தில் பாசியைக் கொல்கிறது, இன்னோரிடத்தில் ஒன்றும் செய்வதில்லை. ஏன்?

இப்பக்கத்திலுள்ள கேள்விகளுள் மிக முக்கியமானது இதுவே என்பது என் கருத்து. மற்றப் பல விடைகள் இதைப் பொறுத்தே அமைகின்றன.

நீரில் உள்ள செம்பு முழுவதும் ஒரே வடிவில் இருப்பதில்லை. ஒரு பகுதி எதனுடனும் பிணையாத தனி அயனியாகவும், ஒரு பகுதி கார்பனேட்டு, குளோரைடு முதலியவற்றுடன் இணைந்தும், பெரும்பகுதி நீரிலுள்ள கரிமப் பொருள்களின் பிடியிலும் இருக்கும். கரையோரக் கடல்நீரில் கரைந்த செம்பில் 99 சதவீதத்துக்கும் மேல் கரிமப் பிடியில் இருப்பது வழக்கம். 1976-இல் வில்லியம் சண்டாவும் ராபர்ட் கில்லார்டும் செய்து காட்டிய சோதனை இத்துறையின் திருப்புமுனை: இரு வகை நுண்பாசிகளை வளர்த்து, மொத்தச் செம்பையும் அதைப் பிணைக்கும் பொருளையும் தனித்தனியே மாற்றி மாற்றிப் பார்த்தபோது, பாசியின் வளர்ச்சி மொத்தச் செம்பின் அளவைப் பின்பற்றவில்லை, தனி அயனியின் செயல்திறனையே பின்பற்றியது.

இதன் விளைவுகள் நடைமுறையில் பெரியவை. காட்டாற்று நீரும் இலைமக்கும் கலந்து பழுப்பேறிய கழிமுகம் தாங்கிக்கொள்ளும் செம்பின் அளவைத் தெளிந்த வெளிக்கடல் நீர் தாங்காது. ஒரே நாளில் பட்டறைகளின் அலசு நீர் மிகுந்து வந்து, பிணைக்கும் கரிமப் பொருளின் கொள்திறன் நிரம்பிவிட்டால், அதற்கு மேல் வரும் ஒவ்வொரு துளிச் செம்பும் தனி அயனியாகவே நிற்கும். மொத்த அளவு இருமடங்கானால் நச்சு அளவு நூறு மடங்குகூட ஆகலாம். எனவே, "நீரில் செம்பு லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம்" என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு பாசிக்குத் தீங்கு உண்டு அல்லது இல்லை என்று தீர்ப்புச் சொல்பவரின் சொல்லை அப்படியே ஏற்க முடியாது.

பாசிகளும் இதில் சும்மா இருப்பதில்லை. செம்பை வலுவாகப் பிணைக்கும் பொருளைச் சில உயிர்கள், குறிப்பாக நீலப்பச்சை நுண்ணுயிரான சினெகோகாக்கஸ், தாமே நீரில் சுரந்து விடுகின்றன.

உயிரணுவுக்குள் நுழைந்த உலோகம் என்ன செய்கிறது?

செம்பையே எடுத்துக்கொள்வோம். அது ஒளிச்சேர்க்கையின் இரண்டாம் ஒளியமைப்பில் மின்னணு ஓட்டத்தைக் குலைக்கிறது. பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியத்தைத் தள்ளிவிட்டு அவ்விடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது, அப்படி மாறிய பச்சையத்தால் ஒளியைப் பயன்படுத்த இயலாது. தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கிச் சவ்வுகளின் கொழுப்பைச் சிதைக்கிறது. மாங்கனீசு உள்ளே வருவதைத் தடுத்து, செம்பு நஞ்சு போலவே தோன்றும் மாங்கனீசுப் பற்றாக்குறையை உண்டாக்குகிறது.

பாசியின் தற்காப்பு பெரும்பாலும் குளூட்டத்தையோன் என்ற கந்தகச் சிறுபுரதத்தைச் சார்ந்தது. அதிலிருந்து ஃபைட்டோகெலாட்டின் என்ற நீண்ட சங்கிலிகளைக் கட்டி, காட்மியத்தையும் செம்பையும் அவற்றில் கட்டிப்போடுகிறது. அதற்கு ஆற்றலும் நைட்ரஜனும் கந்தகமும் செலவாகின்றன; அச்செலவு வளர்ச்சியிலிருந்து கழிகிறது.

ஓர் எச்சரிக்கை. ஸ்டாபர், ஃபுளோரன்ஸ் ஆகிய இரு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1987-இல் வெளியிட்ட முடிவின்படி, நிட்சியா குளோஸ்டீரியம் என்ற கடல் டையாட்டத்தில் செம்பு உயிரணுப் பிரிவைத் தடுத்தபோதும் ஒளிச்சேர்க்கையை அது பாதிக்கவில்லை. வேறு சில பாசிகளிலோ இரண்டும் குன்றின. ஒளிச்சேர்க்கையை மட்டும் அளந்துவிட்டுப் பாசி நலமாக இருக்கிறது என்று அறிவித்தால், பெருகவே முடியாத ஓர் இனத்தை நலமானது என்று அறிவித்தவர்களாவோம்.

முலாம் தொழில் என்றாலே குரோமியம்தான் அச்சமூட்டுகிறது. கடற்பாசிக்கும் அதுதான் கொடியதா?

மனிதருக்கு, சிறப்பாக அந்தத் தொட்டியின் ஆவியை மூச்சில் இழுக்கும் தொழிலாளிக்கு, ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும் கொடிய பொருள். ஆனால் கடற்பாசியைப் பொறுத்தவரை முதலிடம் அதற்கில்லை. செம்பும் வெள்ளியும் அதைவிடக் கொடியவை.

காரணம் கடல்நீரின் சல்பேட். குரோமேட் அயனி உருவத்தில் சல்பேட்டை ஒத்தது. பாசியின் சல்பேட் வாசல் வழியாகவே அது உள்ளே நுழைகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் இருப்பதால், வாசலில் நிற்கும் கூட்டத்தில் குரோமேட்டுக்கு இடம் கிடைப்பது அரிது. உவர்ப்புக் குறையக் குறைய இந்தக் காப்பும் குறைகிறது என்பது தலாசியோசைரா சூடோநானா என்ற கழிமுக டையாட்டத்தில் 1980-களில் காட்டப்பட்டது. பட்டறைக் கழிவு கடலைத் தொடும் இடம் பெரும்பாலும் ஆற்றுநீர் கலந்த கழிமுகமே ஆகையால், "கடல்தானே" என்று குரோமியத்தை அலட்சியப்படுத்த இடமில்லை.

மூவிணைதிறன் குரோமியம் கடல்நீரில் எளிதில் கரையாது. துகள்களில் ஒட்டிக்கொண்டு அடிச்சேற்றில் போய்ச் சேரும்.

சயனைடு?

சயனைடு மூச்சியக்க நொதியை முடக்கும் நஞ்சு என்பதால் பாசியையும் பாதிக்கும். எனினும் மீனும் நண்டின் இளம் பருவமும் அதனால் பாசியைவிட முன்பே மடிந்துவிடும். சயனைடு இரும்புடன் இணைந்த வடிவில் வெளியேறினால் நிலைத்து நின்று, ஆழமற்ற தெளிந்த நீரில் வெயில் பட்டுச் சிறிது சிறிதாகப் பிரியும் என்பதை மட்டும் கருத்தில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் மாசுபட்ட விரிகுடாவில் பாசியே இல்லாமல் போய்விடுமா?

பெரும்பாலும் போகாது. கரையில் நின்று பார்ப்பவருக்கு நீர் முன்போலவே பச்சையாகத்தான் தெரியும். இனங்கள் மாறிப்போயிருக்கும்.

1970-களில் கனடாவின் வான்கூவர் தீவிலுள்ள சானிச் கடற்கழியில் மிகப் பெரிய நெகிழிப் பைகளில் கடல்நீரை அதன் உயிர்களோடு அடைத்து, லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் முதல் 50 மைக்ரோகிராம் வரை செம்பு சேர்த்துப் பார்த்தார்கள். ஒளிச்சேர்க்கை முதலில் சரிந்தது; சில நாள்களில் மீண்டது. மீண்ட கூட்டம் பழைய கூட்டமாக இல்லை. சங்கிலியாக வளரும் கீட்டோசெராஸ் போன்ற டையாட்டங்கள் ஒழிந்து, அவற்றின் இடத்தில் நுண்ணிய கசையுயிர்களும் வேறு வடிவ டையாட்டங்களும் நிறைந்திருந்தன. பச்சையத்தின் அளவை மட்டும் குறித்து வைத்திருந்தால் "மீண்டுவிட்டது" என்றே எழுதியிருப்பார்கள்.

எவ்வினம் முதலில் வீழும் என்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. லாரி பிராண்ட், சண்டா, கில்லார்ட் ஆகியோர் 1986-இல் பல கடல் இனங்களை ஒப்பிட்டபோது, செம்பினால் மிக எளிதில் பாதிக்கப்பட்டவை நீலப்பச்சை நுண்ணுயிர்கள். மிகுதியாகத் தாங்கியவை டையாட்டங்கள். சுண்ணாம்புத் தகடுகள் போர்த்த நுண்பாசிகளான காக்கோலித்தோஃபோர்களும் டைனோபிளாஜெல்லேட்களும் நடுவில் நின்றன. கடலில் மிகப் பழைமையான மரபினர் செம்புக்கு மிகவும் அஞ்சுபவர்களாக இருப்பது, ஆக்சிஜனும் அதனால் கரைந்த செம்பும் அரிதாக இருந்த தொல்கடலில் அவர்கள் தோன்றியதன் தடயமாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு.

பாசி மாறினால் அதை உண்ணும் நுண்விலங்கும் மாறும். பெரிய டையாட்டத்தைப் பிடித்து உண்ணப் பழகிய கோப்பிபாடு என்ற நுண்விலங்குகளுக்கு மிகச் சிறிய கசையுயிர்கள் உணவாக எளிதில் பயன்படுவதில்லை. இடையில் இன்னொரு படி தேவைப்படுகிறது, ஒவ்வொரு படியிலும் ஆற்றல் வீணாகிறது. மீன்குஞ்சு வரை எட்டும் இழப்பு இது. எந்தப் பிணமும் கரையில் ஒதுங்காததால் யாரும் கணக்கெடுப்பதில்லை.

பாறையில் வளரும் பெரும்பாசிகளுக்கு என்ன நேர்கிறது?

வளர்ந்த பெரும்பாசி கெட்டியான உயிர். பழுப்புப் பாசிகளின் உயிரணுச் சுவரில் நிறைந்திருக்கும் அல்ஜினேட் என்ற பசைப்பொருளின் அமிலக் கைகள் உலோக அயனிகளை வெளியிலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஆகவே ஃபியூகஸ், ஆஸ்கோஃபில்லம் போன்றவை சுற்றியுள்ள நீரைவிட ஆயிரக்கணக்கான மடங்கு செறிவில் உலோகத்தைத் தம் உடலில் வைத்துக்கொண்டும் செழிப்பாக நிற்கும்.

அவற்றின் குழந்தைப் பருவத்துக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. நீந்தும் வித்துகளும் பாலணுக்களும் சுவரே இல்லாத வெற்று உயிரணுக்கள். அவை பாறையைக் கண்டு ஒட்டி, முளைவிட்டு, வேர் போன்ற பற்றுறுப்பை ஊன்றும் சில நாள்களில், லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் செம்பே முளைப்பைக் கெடுக்கப் போதும். இதன் விளைவு உடனே தெரியாது. முதிய பாசிகள் நின்றுகொண்டிருக்கும். பாறை மூடியே இருக்கும். இளங்கன்றுகள் மட்டும் இல்லை. முதியவை புயலில் பிய்த்தெறியப்படும் ஆண்டில் பாறை வெறுமையாகும்போது, அதற்கான காரணம் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

பாசிகள் உலோகத்துக்குப் பழகிக்கொள்ளாவா?

சில பழகிக்கொள்ளும். செம்புப் பூச்சு அடித்த கப்பல்களின் அடிப்பாகத்தில் வளர்ந்த எக்டோகார்பஸ் என்ற பழுப்புப் பாசி, தூய கரையிலிருந்து எடுத்த அதே இனத்தைவிடச் செம்பைப் பெரிதும் தாங்குகிறது என்று 1970-இல் வெளியானது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் சுரங்க நீர் இறங்கும் ரெஸ்ட்ராங்கெட் ஓடையிலுள்ள ஃபியூகஸும் அப்படியே. சிலியின் சான்யாரால் விரிகுடாவில் செம்புச் சுரங்கக் கழிவு பல பத்தாண்டுகள் கொட்டப்பட்ட கரையில், வளமான பாசிக் காடு இருக்க வேண்டிய இடத்தை உல்வா கம்ப்ரெசா என்ற ஒரே பச்சைப் பாசி பெரிதும் ஆக்கிரமித்தது. இவை மூன்றும் முலாம் பட்டறையின் கதைகள் அல்ல; செம்பு செம்புதான் என்பதால் இங்கே சொல்கிறேன்.

பழகிக்கொண்ட ஓரிரு இனத்தைக் காட்டி "இயற்கை சமாளித்துக்கொள்ளும்" என்று வாதிடுவோரை அடிக்கடி காண்கிறோம். அவர்கள் காட்டும் பச்சை நிறத்தின் அடியில் இல்லாமல் போன இனங்களின் பெயர்களையும் அவர்கள் படித்துக் காட்ட வேண்டும்.

ஆலைகள் சட்ட வரம்பைக் கடைப்பிடித்தால் போதாதா?

இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் 1983-இல் வந்த உலோக மெருகேற்றல் விதிகளின்படி, ஓர் ஆலையின் கழிவுநீரில் ஒரு நாளில் இருக்கக்கூடிய செம்பு லிட்டருக்கு 3.38 மில்லிகிராம் வரை, நிக்கல் 3.98, குரோமியம் 2.77, துத்தநாகம் 2.61, சயனைடு 1.20 மில்லிகிராம் வரை. அதே நாட்டில் கடல் உயிர்களைக் காப்பதற்கென வகுத்த அளவில், நீடித்த காலத்துக்குக் கரைந்த செம்பு லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது. முதல் எண் இரண்டாவதைப் போல ஏறத்தாழ 1,100 மடங்கு.

இதில் முரண்பாடு இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. ஆலை நீர் நகரக் கழிவுநீரில் கலக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் கசடு உலோகத்தில் கணிசமான பங்கைப் பிடித்துக்கொள்கிறது. மிஞ்சியது கடலில் நீர்த்துப்போகிறது. ஆனால் இவை மூன்றும் நடந்தால்தான் அந்த வரம்பு பாசியைக் காக்கும். ஓதம் (கடலின் ஏற்ற இறக்கம்) மெல்ல வந்துபோகும் மூடிய கழிமுகத்தில், அருகருகே நூறு பட்டறைகள் இருந்தால், ஒவ்வொன்றும் சட்டத்துக்கு உட்பட்டு நடந்தும் கூட்டுத்தொகை தாளாது.

இந்தியாவில் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986-இன் ஆறாம் அட்டவணையிலுள்ள பொதுத் தரநிலைகள் இன்னொரு கேள்வியை எழுப்புகின்றன. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவில் துத்தநாகம் லிட்டருக்கு 5 மில்லிகிராம். கரையோரக் கடலில் விடுவதில் 15. நிக்கல் முறையே 3, 5, ஈயம் 0.1, 2; ஆறிணைதிறன் குரோமியம் 0.1, 1. முலாம் தொழிலுக்கெனத் தனி வரம்புகள் உண்டென்றாலும், பொதுத் தரநிலையின் மனப்போக்கு தெளிவு: கடல் பெரிது, தாங்கிக்கொள்ளும். குரோமியத்துக்கு நான் மேலே சொன்ன சல்பேட் காரணத்தையாவது காட்டலாம். துத்தநாகத்துக்கும் ஈயத்துக்கும் காட்டக்கூடியது நீர்த்துப்போகும் என்ற நம்பிக்கை ஒன்றுதான். கழிமுகங்களில் அந்த நம்பிக்கை பொய்க்கும். குடிநீருக்காகவே உள்நாட்டு வரம்பு கடுமையாக வைக்கப்பட்டது என்ற விளக்கத்தை ஏற்கலாம். பாசியைக் குடிப்பவர் யாருமில்லை என்பதால் அதன் வரம்பு தளர்வாக இருக்கலாம் என்பதை ஏற்க முடியவில்லை.

பட்டறையிலேயே தடுக்க முடியுமா?

முடியும். பல ஆண்டுகளாகச் செய்தும் வருகிறார்கள். ஆறிணைதிறன் குரோமியத்தை பி.எச். அளவு 2 முதல் 3 வரையுள்ள அமில நிலையில் சோடியம் மெட்டாபைசல்பைட்டு கொண்டு மூவிணைதிறனாக மாற்றுவார்கள், சயனைடை பி.எச். 10-க்கு மேலான கார நிலையில் குளோரின் சேர்மத்தால் சிதைப்பார்கள். இவ்விரு ஓடைகளும் தனித்தனியே போவது கட்டாயம். சயனைடு நீரில் அமிலம் கலந்தால் உயிர்க்கொல்லி வாயு எழும். பிறகு சுண்ணாம்போ காரமோ இட்டு உலோகங்களை ஹைட்ராக்சைடாக வீழ்த்துவார்கள்.

இதில் இரண்டு இடர்கள் உண்டு. குரோமியம் பி.எச். 8-ஐ ஒட்டியும், செம்பு 9-ஐ ஒட்டியும், நிக்கல் 10-க்கு மேலும் நன்றாக வீழ்வதால், எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. மேலும், ஈ.டி.டி.ஏ. போன்ற பிணைப்புப் பொருள் கலந்த நீரில் உலோகம் வீழாமல் கரைசலாகவே தப்பிச் செல்லும். கடலில் போய்ப் பிணைப்பு தளரும்போது பாசிக்குக் கிடைக்கும்.

என் பார்வையில் இவற்றைவிட மேலானது, தொட்டிக்கு மேலே பொருளைச் சில விநாடிகள் கூடுதலாகப் பிடித்துச் சொட்டவிடுவதும், முதல் அலசு நீரை மீண்டும் முலாம் தொட்டிக்கே ஊற்றுவதும். உலோகம் நீரில் போன பிறகு பிடிப்பதைவிடப் போகாமல் வைத்திருப்பது எளிது. பட்டறைக்காரருக்குப் பணமும் மிச்சம்.

உலோகம் குறைந்த பிறகு நராகன்செட் விரிகுடாவின் பாசிகள் மீண்டனவா?

உலோகம் குறைந்தது உறுதி. முன்சுத்திகரிப்பு விதிகளாலும், நகைத் தொழில் வெளிநாடுகளுக்கு இடம்பெயர்ந்ததாலும் நிலையத்துக்கு வரும் உலோகம் 1981-இன் அளவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் சரிந்தது.

பாசிகள் மீண்டனவா என்பதற்கு ஒரு சொல்லில் விடை கூறுவது நேர்மையாகாது. ரோட் ஐலண்டு பல்கலைக்கழகத்தார் 1950-களின் இறுதி முதல் அவ்விரிகுடாவின் நுண்பாசிகளை வாரந்தோறும் எண்ணி வருகிறார்கள். தியோடர் ஸ்மேடா இதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அத்தொடர் பதிவில் நெடுங்காலம் முதன்மை வகித்தது ஸ்கெலிட்டோனீமா என்ற டையாட்டம். உலோகம் மிகுந்திருந்த பத்தாண்டுகளிலும் அது செழித்தே இருந்தது. உலோகம் குறைந்த பத்தாண்டுகளில், குளிர்காலம் வெப்பமாகி நுண்விலங்குகளின் மேய்ச்சல் மிகுந்ததால் குளிர்கால வசந்தகாலப் பாசிப் பெருக்கம் நலிந்தது. கழிவுநீரில் நைட்ரஜன் தொடர்ந்ததால் மேல்விரிகுடாவின் ஆழமற்ற குடாக்களில் உல்வா மண்டியது. 2003 ஆகஸ்டில் கிரீனிச் குடாவில் ஆக்சிஜன் அற்றுப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் செத்தபின், அதை ஒட்டியே நைட்ரஜனைக் குறைக்கும் சட்டம் 2004-இல் வந்தது.

வெப்பம், நைட்ரஜன், மேய்ச்சல், உலோகம் ஆகிய நான்கும் ஒரே நீரில் ஒரே காலத்தில் மாறியதால், எந்த மாற்றம் எதனால் என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. விரிகுடாவின் முதல் பாசிக் கணக்கு தொடங்கியபோது பட்டறைகள் ஏற்கெனவே 150 ஆண்டுகளுக்கு மேல் இயங்கியிருந்தன. செம்புக்கு முந்தைய நராகன்செட்டின் பாசிகள் எவை என்று எழுதி வைத்தவர் எவருமில்லை.

கழிவு நின்ற பிறகு அடிச்சேற்றில் உள்ள உலோகம்?

அது அங்கேயே இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் செம்பும் காட்மியமும் சல்பைடாகக் கட்டுண்டு கிடக்கும். அந்நிலையில் பாசிக்கு எட்டாது. சேறு கலக்கப்பட்டு ஆக்சிஜன் படும்போது சல்பைடு சிதைந்து ஒரு பகுதி நீருக்கு ஏறும். கப்பல் வழியைத் தூர்வாருவது, புயல், சேற்றைத் துளைத்து வாழும் புழுக்கள் ஆகிய யாவும் அதைச் செய்யும். பிராவிடன்ஸ் ஆற்றுக் கப்பல் வழி 2003 முதல் 2005 வரை தூர்வாரப்பட்டபோது, வாரிய சேற்றை எங்கே, எப்படிப் புதைப்பது என்பதே பெரிய சர்ச்சையாக இருந்ததற்கு இதுவே காரணம்.

மாசுபட்ட கரையில் சேகரித்த பாசியை உண்ணலாமா?

முலாம் பட்டறைக் கழிவு இறங்கும் கழிமுகத்தை அடுத்த பாறைகளிலிருந்து எடுத்ததை உண்ணக் கூடாது; கால்நடைக்கும் போடக் கூடாது. கழுவினால் மேலே ஒட்டிய சேறு போகும், சுவரில் பிணைந்த உலோகம் போகாது.

ஒரு கடற்கரையில் பாதிப்பு இருக்கிறதா என்று எப்படிக் கண்டறிவது?

கழிவுநீரின் நச்சுத்தன்மையைப் பாசியைக் கொண்டே சோதிக்கும் முறை ஐ.எஸ்.ஓ. 10253 என்ற பன்னாட்டுத் தரமாக உள்ளது. ஸ்கெலிட்டோனீமாவையோ ஃபேயோடாக்டைலம் என்ற டையாட்டத்தையோ 72 மணி நேரம் அந்த நீரில் வளர்த்து, வளர்ச்சி எவ்வளவு குன்றியது என்று அளப்பார்கள். இத்தகைய வளர்ப்பு ஊடகங்களில் இரும்பைக் கரைசலில் வைத்திருக்க ஈ.டி.டி.ஏ. சேர்க்கப்படுவது வழக்கம். அது முலாம் கழிவின் செம்பையும் பிணைத்துவிடுவதால் நஞ்சு உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். சோதனை அறிக்கையைப் படிப்பவர் முதலில் கேட்க வேண்டியது, ஊடகத்தில் அது எவ்வளவு இருந்தது என்பதை.

களத்தில் பயன்படுவது பெரும்பாசி. ஒரு நாள் எடுத்த நீர் மாதிரி அந்த நாளை மட்டுமே சொல்லும். பாசி பல மாதங்களைச் சொல்லும். வட அட்லாண்டிக்கின் ஆஸ்கோஃபில்லம் முதல் சில ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுக்கு ஒரு காற்றுப்பையை உண்டாக்குவதால், நுனியிலிருந்து பைகளை எண்ணி எந்தத் துண்டு எத்தனை வயது என்று கூறிவிடலாம். எந்த இனத்தை எடுத்தாலும் ஆண்டுதோறும் அதே மாதத்தில், ஓதத்தின் அதே உயரத்தில், உடலின் அதே பகுதியை வெட்டி எடுத்து, அதன் மேல் ஒட்டி வளரும் சிறு உயிர்களைச் சுரண்டி நீக்கி, தூய கடல்நீரில் அலசி உலர்த்த வேண்டும். அதே பாறையில் அந்த ஆண்டு முளைத்த இளங்கன்றுகள் எத்தனை என்றும் எண்ணிக் குறிக்க வேண்டும். உலோக அளவு உயர்ந்து கன்றுகளின் எண்ணிக்கையும் வீழ்ந்திருந்தால், முதிய பாசிகள் எவ்வளவு செழிப்பாகத் தோன்றினாலும், அந்தக் கரைக்கு மேலே உள்ள சாக்கடையைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.